மருதந்துறை: இல்லை

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. அன்றைக்குத்தான் கோடு இன்னும் நேராக விழும். ஆற்றுக்கரை ஆபீசில் டிரேசர் வேலையில் சேர்ந்த ஏழு வருஷத்தில் நான் போட்ட நல்ல வரைபடங்கள் எல்லாம் யார் மேலாவது எரிச்சலாக இருந்த நாட்களில் போட்டவை. ஹெட் கிளார்க் மேல், விடுதிச் சாம்பார் மேல், மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறவர்கள் மேல். இந்த ஒரு படம் மட்டும் அப்படி வரவில்லை. பாதித் தூக்கத்தில் இருப்பவள் போலத்தான் இதை வரைந்தேன். கோபப்பட வேண்டியது என் மேலேயே என்று ஆகிவிட்டது, வேறென்ன.

1962 ஐப்பசியில் ஒருநாள் பிலோமின்ராஜ் சார் மஞ்சள் பையோடு எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர். பையைக் கவிழ்த்தார். மேசை முழுக்கப் போஸ்ட் கார்டு. தொட்டியத்திலிருந்து கல்லணை வரைக்கும் காவிரி, கொள்ளிடம் இரண்டு ஆற்றின் கரையிலும் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் பதில் கார்டு வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். உங்கள் ஊர் மரங்களில் பழந்தின்னி வௌவால் தொங்குகிறதா, எத்தனை? பதிலை வைத்து ஒரு வரைபடம் வேண்டும். எங்கள் என்ஜினீயர் ஹபீபுல்லா சார் சம்மதம் கொடுத்துவிட்டார். ஆபீஸ் நேரம் முடிந்து உட்கார்ந்து வரைய ஆள் யார்? கல்யாணம் ஆகாதவள், மேலப்புதூரில் கன்னியாஸ்திரீகள் விடுதியில் இருப்பவள், அவளுக்கு வீட்டில் என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று எல்லோருமாக முடிவு செய்துவிட்டார்கள்.

"வௌவாலா? ஏன் சார், சிங்கம் புலியெல்லாம் தீந்து போச்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சிங்கம் இலுப்பை விதையைக் கவ்விட்டுப் போயி இன்னொரு ஊர்ல போடுமா மிஸ்? இது போடும். நம்ம ஆத்தங்கரையில நிக்கிற இலுப்பையில பாதியை மனுஷன் யாரும் நடல. வௌவால் எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் நாளைக்குக் காடு எங்க இருக்கும்னு சொல்லமுடியும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று, அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அடியில் இருப்பது தெரியும்படி கஞ்சி போட்டு மெருகேற்றிய டிரேசிங் துணியை விரித்தேன். சாக்பீஸ் பொடியைத் தூவித் தேய்த்தேன். மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டையை வைத்தேன். ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அந்தத் துணி வெளுத்துக் கறையாகிவிடும், பிறகு எதுவும் செய்யமுடியாது. ஒவ்வொரு கார்டாக எடுத்து, உண்டு என்றால் ஒரு கறுப்புப் புள்ளி. இப்படி நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் அந்தக் கார்டு கைக்கு வந்தது.

*மருதந்துறை: இல்லை.*

அவ்வளவுதான். கையெழுத்து என் அப்பாவுடையது.

மருதந்துறை கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. அப்பா செபஸ்தியான் அந்த ஊர்க் கோவிலின் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், மற்ற நாட்களில் செபம் சொல்வதும் ஊருக்குக் கடிதம் எழுதுவதும் அப்பாதான். எங்கள் ஊரில் வேட்டு கிடையாது. மாதா திருவிழாவுக்குச் சப்பரம் வரும், பாட்டு வரும், மெழுகுவத்தி வரும். வேட்டு மட்டும் வராது. கல்யாணமானாலும் சாவானாலும் மேளம் ஊருக்கு வடக்கே நின்றுவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள் 'ஊமைத் திருவிழா' என்று கேலி செய்வார்கள். செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். ஆற்றங்கரை மருத மரங்களில் பகல் முழுக்கத் தொங்குகிறவர்கள் தூங்க வேண்டாமா? அவர்களை நாங்கள் 'அது' என்று சொன்னதே இல்லை. 'அவங்க' என்போம்.

எனக்குப் பதினாறு வயதில் யாரோ ஒரு புண்ணியவான் அவர்களைப் பற்றிப் பேப்பரில் எழுதிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்கள். ஈளை, இழுப்புக்கு அந்தக் கறி மருந்தாம். நாங்கள் செபம் முடிந்து வெளியே வரும்போது மரத்தடி முழுக்க உடல்கள். செத்த தாயின் மாரைக் கவ்விக்கொண்டு குட்டிகள் உயிரோடு கிடந்தன. அப்பா அவற்றைத் தன் மேல்துண்டில் பொறுக்கினார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அன்று சாயங்காலம் ஊரே கோவிலில் கூடி, ஒவ்வொருவராக மாதா பீடத்தில் கைவைத்துச் சொன்னோம்: இனிமேல் யார் கேட்டாலும் இல்லை. நானும் கைவைத்தேன்.

ஆகவே மருதந்துறையில் நான் புள்ளி வைக்கவில்லை. துணியில் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

பிலோமின்ராஜ் சார் கார்டுகளை மட்டும் நம்புகிற ஆள் இல்லை. ஐந்து வாரம் தினமும் சாயங்காலம் காம்பஸும் கையுமாக எங்காவது போய் நின்றார். ஒருநாள் முக்கொம்பு, ஒருநாள் மலைக்கோட்டை உச்சி, ஒருநாள் காவிரிப் பாலம். வௌவால்கள் எந்தத் திசையிலிருந்து கிளம்பி வருகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அந்தத் திசையில் படத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொண்டே போனால் அவற்றின் மரம் அந்தக் கோட்டில் எங்கோ இருந்தாக வேண்டும். வேறு வேறு இடங்களிலிருந்து போட்ட கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடம்தான் வீடு.

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறைக்கு அவர் போன அன்று, நேரம் குறிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார். கார்த்திகை கடைசி. ஆறு அமைதியாக, அகலமாகக் கிடந்தது. அக்கரையில் மலைக்கோட்டையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். பின்னால் திரும்பினால் தென்னைகளுக்கு மேலே மொட்டைக் கோபுரம். வெயில் போய்விட்டது, ஆனாலும் வெளிச்சம் போகாமல் தண்ணீர்மேல் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 

குளித்துவிட்டுப் படியேறிய ஒரு மாமி நின்றுவிட்டார். "ஏம்மா, ரெண்டு பேருமா ஆகாசத்துல என்னத்தைத் தேடறேள்?"

"விருந்தாளி வராங்க மாமி," என்றேன்.

வந்தார்கள். முதலில் ஒருவர், பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாமல். வடமேற்கிலிருந்து, தீவைத் தாண்டி, அவசரமே இல்லாமல் இறக்கையை வீசி வீசி. சிலர் தாழ இறங்கி நெஞ்சை மட்டும் காவிரியில் உரசிவிட்டு மேலே போனார்கள். நனைந்த நெஞ்சை அப்புறம் ஒரு கிளையில் தொங்கிக்கொண்டு நக்குவார்கள், அதுதான் அவர்களுக்குத் தண்ணீர் குடிப்பது. சின்ன வயதிலிருந்து பார்த்தது. எங்க ஊர்க்காரங்க சார் இவங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேரத்தை மட்டும் எழுதினேன். அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு கேவலமாகவும் இருந்தது.

மறுநாள் ஆபீசில் ஐந்தாவது பென்சில் கோட்டையும் போட்டார். ஐந்தும் வந்து அந்த வெள்ளை இடத்தில் வெட்டிக்கொண்டன.

"கார்டு இல்லைங்குது. கோடு இருக்குங்குது," என்றார். "மருதந்துறை உங்க ஊருதானே மிஸ்?"

"பொறந்து வளந்த ஊரு சார். மருந்துக்குக்கூட ஒரு வௌவால் கிடையாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து ஐந்து கோட்டையும் அழித்தார். "அப்ப காம்பஸ்லதான் தப்பு. பாலத்து இரும்பு இழுத்திருக்கும்," என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஐந்து வாரத்துச் சாயங்காலங்களைவிட என் வாய்ச்சொல் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டது. மனுஷர் என்னைச் சந்தேகப்பட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

அதற்குப் பிறகு விடியற்காலைகளில் ஒரே கனவு வந்தது. நான் டிரேசிங் துணிமேல் நடந்து போகிறேன். காலடியில் சாக்பீஸ் பொடி. கொள்ளிடம் இன்னும் காயாத நீல மையாக ஓடுகிறது. புள்ளி இருக்கிற ஊர்களில் எல்லாம் ஆட்கள் நடமாடுகிறார்கள். எங்கள் ஊருக்கு வந்தால் வெள்ளை, வீடில்லை, கோவிலில்லை, அப்பா இல்லை. குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். அடிப்பக்கத்தில் அத்தனை பேரும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கனவு. பயமாக ஒன்றும் இருக்காது.

தை பிறந்ததும் இன்னொரு வேலை என் மேசைக்கு வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷ வெள்ளத்தில் கொள்ளிடக் கரை பல இடத்தில் உடைந்துபோனது. கரையை அகலப்படுத்த வேண்டும், அதற்குக் கரையோரத்து மரங்களை வெட்ட வேண்டும். பிலோமின்ராஜ் சார் ஹபீபுல்லா சாரிடம் போய் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார். என்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார்.

"வௌவால் இருக்கிற எடத்துல கரையை வளைச்சு, மரத்தை விட்டுட்டுப் போயிடலாம்மா. மண்ணு கொஞ்சம் கூட ஆகும், பரவாயில்ல. இல்லாத எடத்துல மரம் போய்த்தான் ஆகணும். அன்னைக்கு வெள்ளத்துல எத்தனை குடிசை போச்சுன்னு நான் கண்ணால பாத்தவன். அந்த வௌவால் படத்தை அடியில வெச்சுக்க. புள்ளி இல்லாத கரைக்கெல்லாம் செவப்பு மை போடு. சித்திரையில வெட்டு ஆரம்பம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கொடுமை. புள்ளிப் படத்தை அடியில் வைத்து மேலே புதுத் துணியை விரித்து, மைல் மைலாகச் சிவப்புப் போட்டுக்கொண்டே போனேன். பதினோராவது மைல் வந்தது, மருதந்துறைக் கரை. கீழிருந்து வெள்ளை தெரிந்தது. அவர்களைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் விட்ட வெள்ளை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் உச்சிவெயிலில் கல்லூரிக்கு நடந்தேன்.

"நான் பொய் சொன்னேன் சார். அவங்க அங்கதான் இருக்காங்க. ஊரே இருக்கு அங்க."

துப்பாக்கிக் கதையையும் சத்தியத்தையும் சொன்னேன். பிலோமின்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் துடைத்தார்.

"அஞ்சு கோடு மிஸ்," என்றார். "அஞ்சையும் என் கையாலயே அழிச்சேனே."

என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். நேராக என்ஜினீயரிடம் போனோம்.

"கார்டுல இல்ல, வாய்ல இருக்குங்குறீங்க," என்றார் ஹபீபுல்லா சார். "வியாழக்கிழமை நானே வரேன். கண்ணால பாக்குறதைத்தான் எழுதுவேன்." வௌவால் மரங்களைப் பார்வையிட ஜீப்பில் அதிகாரி வருகிறார் என்று ஊர் மணியக்காரருக்குத் தாக்கீது போயிற்று.

நான் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டிருக்க வேண்டும். மாதா பீடத்தில் கைவைத்துச் சொன்னதை உடைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு எழுதுவது? செவ்வாய்க்கிழமை கார்டு வாங்கி, 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று எழுதி, அதோடு நிறுத்தி, கைப்பையில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜீப் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிக் கரையோடு மேற்கே போயிற்று. ஊருக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறியது வெடிமருந்து நெடி. எங்கள் ஊரில்! மருத மரங்களுக்குக் கீழே சிவப்புக் காகிதம் குப்பை குப்பையாகக் கிடந்தது. மேலே பார்த்தேன். அந்தக் கிளைகளை நான் காலியாகப் பார்த்ததே கிடையாது. இரைச்சலும் சண்டையுமாக இருக்கிற இடத்தில் இப்போது ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

அப்பா வந்தார். கையில் வேட்டு பற்றவைத்த கயிறு இன்னும் புகைந்துகொண்டிருந்தது, விரல்களில் கொப்புளம். ஜீப், அதிகாரி, வௌவால் என்று காதில் விழுந்ததும் பத்து வருஷத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கேலி பேசின பக்கத்து ஊர்க்காரர்களிடமே போய் வேட்டு வாங்கி வந்து, துப்பாக்கி வருவதற்குள் மரத்தில் தொங்கியவர்களைக் கிளப்பி விரட்டிவிட்டார்கள். காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி அப்பா முகத்தில் அப்படியே இருந்தது.

"வாங்க சார். நல்லாப் பாத்துக்குங்க. எங்க ஊர்ல வௌவால் கிடையாது," என்றார். அப்புறம்தான் பின்சீட்டிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தார்.

ஹபீபுல்லா சார் பேனாவைத் திறந்தார். "நேர்ல பாத்தேன், இல்லைன்னு எழுதிக்கிறேன்."

"எழுதாதீங்க சார்!" நான் கத்திய கத்தலில் ஊர் கூடிவிட்டது. "அப்பா, இவங்க சுட வரலப்பா. அவங்க இங்க இருக்காங்கன்னு சொன்னாத்தான் மரம் நிக்கும். இல்லைன்னா சித்திரையில வெட்டிருவாங்க. நான் சொல்லிட்டேம்பா. சத்தியத்தை மீறிச் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் சொல்லல."

அப்பா தன் கையைப் பார்த்தார். கயிற்றை மண்ணில் தேய்த்து அணைத்தார். மெதுவாக ஒரு மருத வேர்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மத்தியானம் வரைக்கும் இருந்தாங்க சார்," என்றார்.

"எத்தனை?"

"நாலாயிரத்து இருநூத்துச் சொச்சம். மாசத்து முதல் வெள்ளிதோறும் எண்ணுவேன்."

"இப்ப எங்க?"

"தெரியல சார். நாங்களே விரட்டிட்டோம்."

ஹபீபுல்லா சார் மரத்தடியில் நடந்தார். கருத்துப்போன எச்சம், மென்று துப்பிய சக்கை, இலுப்பைக் கொட்டை, கொட்டையிலிருந்து முளைத்துக் கணுக்கால் உயரம் நின்ற கன்றுகள். குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இருந்ததுக்கு அடையாளம் இருக்கு," என்றார். "ஆனா காலி மரத்துக்காகக் கரையை வளைச்சேன்னு நான் மேல எழுத முடியாதும்மா. இலுப்பை பூத்து உதிர்ற வரைக்கும் இந்த மைலுக்கு மை போடாத. அதுக்குள்ள வந்தாங்கன்னா மரம் நிக்கும்." அவரும் 'வந்தாங்கன்னா' என்றுதான் சொன்னார்.

படத்தில் மருதந்துறையில் ஒரு வெறும் வட்டம் போட்டேன். உள்ளே மை இல்லை.

அந்த மூன்று மாதமும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆபீஸ் விட்டதும் காவிரிப் பாலத்தில் போய் நிற்பேன். பஸ்கள் போகும், மாட்டு வண்டிகள் போகும், வானம் நிறம் மாறிக்கொண்டே வரும். எப்போதாவது ஒருவர் பறந்து வருவார், அதுவும் எங்கள் ஊர்த் திசை இல்லை, கிழக்கிலிருந்து. பிலோமின்ராஜ் சார் அம்மா மண்டபத்தில் நிற்கிறார் என்று தெரியும். காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வோம். கனவில் துணியைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கமும் வெள்ளையாக இருந்தது.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். ஊர் முன்னைவிட ஊமையாகியிருந்தது. கோவில் மணியின் நாக்கில் அப்பா துணி சுற்றிவைத்திருந்தார். துறையில் பெண்கள் துணியைக் கல்லில் அடிக்காமல் கசக்கியே துவைத்தார்கள். இலுப்பை பூத்துவிட்டது. ஊர் முழுக்க அந்த வாசனை, தின்ன ஆளில்லாமல் பூ உதிர்ந்து தரை வெள்ளையாகக் கிடந்தது. அப்பா எனக்குச் சோறு போட்டார். ரசம் ஊற்றும்போது மட்டும் சொன்னார்.

"ஒரு கார்டு போட்டிருக்கலாமே ஆயி."

"போட்டிருக்கலாம்பா," என்றேன். சோறு இறங்கவில்லை. அவருடைய விரல் இன்னும் ஆறவில்லை.

குருத்தோலை ஞாயிறும் வந்துவிட்டது. பூ முக்கால்வாசி உதிர்ந்திருக்கும். சனிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்று ஹபீபுல்லா சார் சொல்லி அனுப்பினார். சிவப்பு மையைக் கரைத்து வைத்துவிட்டு, மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை தபாலில் ஒரு கார்டு வந்தது. எனக்கு இல்லை. பிலோமின்ராஜ் சார் கேட்ட கேள்விக்குப் பதிலாக, ஆபீஸ் விலாசத்துக்கு.

*மருதந்துறை: இருக்காங்க. ஞாயிறு சாயங்காலம் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். செவ்வாய் காலை எண்ணியதில் நூற்றுப் பதினேழு பேர். இருபத்திரண்டு பேர் மாரில் குட்டி. ஊரில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறோம். செபஸ்தியான்.*

துணியை விரித்தேன். கறுப்பு மையைத் தொட்டு வட்டத்தை நிரப்பினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கை நடுங்கியது. கைக்குட்டை கண்ணில் இருந்ததால் மணிக்கட்டுக்கு அடியில் இல்லை. புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விழுந்து, துணி வட்டமாக வெளுத்துவிட்டது.

"வேற துணியில போட்டுக் குடுத்துடுங்களேன் மிஸ்," என்றார் பிலோமின்ராஜ் சார்.

"மாட்டேன் சார்," என்றேன்.

சனிக்கிழமை ஹபீபுல்லா சார் புள்ளிப் படத்தையும் கரைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பதினோராவது மைலில் கரை ஆற்றோரத்தை விட்டு உள்ளே வளைந்து போயிருந்தது. விரலால் அந்தப் புள்ளியைத் தேடித் தொட்டார். பிறகு மற்ற புள்ளிகளையும் பார்த்தார். எந்தப் புள்ளிக்கும் பக்கத்தில் நான் ஊர்ப் பெயர் எழுதவில்லை, எங்கள் ஆபீசுக்கு மட்டும் விளங்குகிற கரை மைல் எண்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கியோடு யாரும் எங்கும் போய் இறங்கமுடியாது.

"ஊர்ப் பேரெல்லாம் எழுத மறந்துட்டியாம்மா?"

"மறக்கல சார்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.